யாருடைய கண்ணில் பேய் தெரிகிறது?

திகில் நாவல் ஒன்று படமாக வெளிவந்தவுடன், நாவலைப் படித்தவர்கள் முதலில் கேட்பது எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள், முடிவை மாற்றிவிட்டார்களா என்பதைத்தான். நாவலில் உள்ளபடியே எடுத்தால் நல்ல படம், கை வைத்தால் கெட்ட படம் என்ற இந்த அளவுகோல் மற்ற வகை நாவல்களுக்கு ஓரளவு பொருந்தலாம். திகிலுக்கு அது உதவுவதே இல்லை. ஐரா லெவினின் 'ரோஸ்மேரிஸ் பேபி' நாவலை (1967) ரோமன் போலன்ஸ்கி அடுத்த ஆண்டே ஏறக்குறைய வரிக்கு வரி படமாக்கினார். படம் இன்றும் நிற்கிறது. கோஜி சுசுகியின் 'ரிங்' நாவலை (1991) ஹிதேயோ நகாதா 1998இல் எடுத்தபோது, கதாநாயகனையே கதாநாயகியாக்கி, நாவலில் இல்லாத காட்சி ஒன்றையும் சேர்த்தார். உலகம் அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பதே அந்தக் காட்சிக்காகத்தான். ஸ்டீபன் கிங் தம்முடைய 'தி ஷைனிங்' நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதி 1997இல் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தார். எழுதியவரைவிட நாவலுக்கு உண்மையாக வேறு யார் இருந்துவிட முடியும்? ஆனாலும் அந்தத் தொடரை இன்று எடுத்துப் பேசுவோர் குறைவு.

நான் வேறோர் அளவுகோலை வைத்துப் பார்க்கிறேன். எழுத்தில் வரும் பேய் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மனத்தின் வழியாகவே வாசகரிடம் வந்து சேர்கிறது. மாடிப்படியில் ஓர் உருவத்தை அவள் கண்டாள் என்று எழுதினால், அவள் கண்டாள் என்பது மட்டுமே உறுதி. அங்கே உண்மையில் ஏதாவது நின்றதா என்பதை வாசகர் தம் விருப்பம்போல் ஒத்திப்போடலாம். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அது காட்டியதெல்லாம் சாட்சியமாகிவிடுகிறது. ஒரே ஒரு விநாடி திரையில் தோன்றினாலும் அந்த உருவத்தை அரங்கில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பெண்ணின் மனநிலையைச் சந்தேகிக்க ஒருவருக்கும் இடமில்லை. ஆகவே திகில் நாவலைப் படமாக்க வருகிறவர், நாவலில் பார்ப்பது யார், அவருடைய பார்வையை நாம் எவ்வளவு தூரம் நம்புகிறோம், அந்த நம்பிக்கையும் அவநம்பிக்கையும் திரையில் எங்கே போய் அமரப்போகின்றன என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே அமைந்ததுபோல ஒரு நாவல் இருக்கிறது. ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' 1959இல் வெளிவந்தது. 1963இல் ராபர்ட் வைஸ் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1999இல் யான் டி போன்ட் பெரும் பொருட்செலவில் வண்ணத்தில் எடுத்தார். ஒரே வீடு, ஒரே கதாநாயகி எலினார், நடுவில் முப்பத்தாறு ஆண்டுகள். முதல் படம் இன்றைக்கும் திகில் படங்களின் வரிசையில் முதலிடத்துக்குப் போட்டியிடுகிறது. இரண்டாவது படத்தை அன்றைய விமர்சகர்களே வறுத்தெடுத்தார்கள்.

நாவலின் எலினார் முப்பத்திரண்டு வயதுப் பெண். நோயாளித் தாயைப் பதினோரு ஆண்டுகள் பார்த்துக்கொண்டதிலேயே அவளுடைய இளமை முடிந்துபோயிருக்கிறது. பேய்வீடு ஒன்றை ஆராயப் புறப்படும் ஒரு பேராசிரியர் அழைப்பு அனுப்பியதும், அக்காவுக்குத் தெரியாமல் இருவருக்கும் பொதுவான காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த நாள் முதல், தன்னையும் ஒருவர் எங்கோ எதிர்பார்த்திருக்கிறார் என்ற நினைப்பே அவளுக்குப் போதையாகிறது. வீடு அவளைப் பிடித்துக்கொண்டதா, அவள் வீட்டைப் பிடித்துக்கொண்டாளா என்று ஜாக்சன் கடைசி வரை சொல்வதில்லை. இரவில் கதவுகளைத் தட்டுவது எது என்பதையும் சொல்வதில்லை. எலினாரின் மனத்துக்குள் நெருங்கி உட்கார்ந்து எழுதியிருப்பதால், அந்த மனம் கோணலாகும்போது வீட்டின் சுவர்களும் நமக்குக் கோணலாகத் தெரிகின்றன.

நாவலில் வரும் கைக் காட்சியைப் படித்தவர்கள் மறக்க முடியாது. இருட்டில், பக்கத்து அறையிலிருந்து ஏதோ முணுமுணுக்கும் சத்தம், அதற்குள் ஒரு குழந்தை அழும் சத்தம். எலினார் தோழி தியோடோராவின் கையை இறுகப் பற்றிக்கொண்டு கிடக்கிறாள். குழந்தையைத் துன்புறுத்துவதை மட்டும் பொறுக்க முடியாது என்று அவள் வாய்விட்டுக் கத்தியதும் விளக்கு எரிகிறது. தியோடோரா அறையின் மறுபக்கத்தில், தன் படுக்கையில், தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இதுவரை தான் பிடித்திருந்தது யாருடைய கை என்ற கேள்வியோடு அந்தப் பகுதி முடிந்துவிடுகிறது.

இதைப் படமாக்க வந்த வைஸ், கையைக் காட்டவே இல்லை. இருட்டில் சுவரின் பூவேலைப்பாட்டின் மீது கேமராவை நிறுத்திவிடுகிறார். கொடியும் இலையுமாக இருந்த அந்த வேலைப்பாடு, வெளிச்சம் மெல்ல நகர நகர, இரண்டு கண்களும் ஒரு வாயும் போலத் திரண்டு வருகிறது. அது முகம்தான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. முகமே இல்லை என்று சொல்லவும் மனம் வராது. எலினாரின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, அவள் எதைப் பார்த்துப் பயப்படுகிறாளோ அதே சுவரைப் பார்த்து நாமும் பயப்படுகிறோம். நாவலில் வாசகருக்கு இருந்த அந்தத் தெரியாமையை வைஸ் பார்வையாளரின் கண்ணுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். இதைத்தான் நான் தழுவல் என்பேன்.

அதே படத்தில் கனத்த கதவு ஒன்று உள்நோக்கிப் புடைத்து மூச்சு விடுவதுபோல் அசையும் காட்சியும் உண்டு. பல அடுக்கு மரப்பலகையால் செய்த கதவை மறுபக்கத்திலிருந்து ஓர் ஆள் பலம்கொண்ட மட்டும் தள்ளினார், தந்திரம் அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் இருப்பது திறந்து காட்டப்படுவதே இல்லை. வீட்டின் கோணலுக்காக வைஸ் பானாவிஷன் நிறுவனத்திடம் மிக அகன்ற கோண லென்ஸ் ஒன்றைக் கேட்டிருக்கிறார். அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, ஓரங்களில் பிம்பத்தை வளைக்கிறது என்று அவர்கள் தயங்கியபோது, தமக்கு வேண்டியது அந்த வளைவுதான் என்று சொல்லி, குறை தெரிந்தே வாங்குவதாக எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து வாங்கிவந்தார். ஜாக்சன் தம் நாவலில் அந்த வீட்டில் ஒரு மூலைகூட நேர்க்கோணத்தில் இல்லை என்று எழுதியதற்கு, வைஸின் பதில் அந்தப் பழுதுள்ள லென்ஸ். எலினாரின் எண்ணங்களைப் பின்னணிக் குரலாக ஒலிக்கவிட்டது மட்டும் சில இடங்களில் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. எலினாராக நடித்த ஜூலி ஹாரிஸின் முகமே அதில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

1999ஆம் ஆண்டுப் படத்துக்குக் கணினி வரைகலை கைவசம் இருந்தது. கையில் இருக்கிறது என்பதாலேயே அதைப் பயன்படுத்தினார்கள். மரத்தில் செதுக்கிய குழந்தை முகங்கள் உயிர்பெற்றுத் திரும்புகின்றன, திரைச்சீலைக்குள் முகங்கள் புடைக்கின்றன, கட்டில் ஆளைச் சிறைப்பிடிக்கிறது, இறுதியில் வீட்டைக் கட்டியவனின் ஆவி பிரம்மாண்டமாக எழுந்து நிற்கிறது. இவற்றைவிடப் பெரிய கேடு கதையில் நடந்தது. எலினார் அந்த வீட்டுக்காரனின் வாரிசு என்றும், அங்கே அடைபட்டிருக்கும் குழந்தைகளின் ஆவிகளை விடுவிக்க வந்தவள் என்றும் ஒரு காரணத்தைக் கட்டிவிட்டார்கள். காரணம் கிடைத்தவுடன் அவள் சந்தேகத்துக்குரிய பெண்ணாக இல்லாமல் ஒரு வீராங்கனை ஆகிவிடுகிறாள். வீடும் கணக்குத் தீர்க்க வேண்டிய ஓர் இடமாகச் சுருங்கிவிடுகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிற வீட்டில் பயப்பட என்ன மிச்சம் இருக்கிறது?

கேமரா எதையும் காட்டவே கூடாது என்று நான் சொல்ல வருவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' குறுநாவலை ஜாக் கிளேட்டன் 1961இல் 'தி இன்னசன்ட்ஸ்' என்ற பெயரில் எடுத்தார். அதில் பேய்கள் திரையில் தெளிவாகவே தெரிகின்றன. ஆனால் கிளேட்டன் பெரும்பாலும் முதலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியையாக நடித்த டெபோரா கெர்ரின் திகைத்த முகத்தைக் காட்டுகிறார்; அவள் கண்டது அதற்கு அடுத்தபடிதான் வருகிறது. வரிசையை இப்படி மாற்றியதாலேயே பேய் அவளுடைய முகத்திலிருந்து பிறந்து வருவதுபோல ஆகிவிடுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவர் தராசின் மறுதட்டில் ஒன்றை வைக்கிறார்: வகுப்பறை மேசையில் உட்கார்ந்து அழும் பெண்ணுருவம் மறைந்த பிறகு, அங்கிருந்த பலகையில் ஒரு சொட்டுக் கண்ணீர் ஈரமாக இருக்கிறது, ஆசிரியை அதைத் தொட்டும் பார்க்கிறாள். இத்தனை நேரம் அவள் மனப்பிரமை என்று தீர்ப்பெழுதிக் கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு சொட்டு போதும். ஜேம்ஸின் கதையைப் பற்றி நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கை, கிளேட்டன் இரு தரப்புக்கும் ஆதாரம் கொடுத்து அப்படியே நிலுவையில் வைத்துவிட்டார்.

போலன்ஸ்கியின் வழி இன்னும் கறாரானது. 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் ரோஸ்மேரி இல்லாத காட்சி அநேகமாகக் கிடையாது. அவளுக்குத் தெரிந்ததே நமக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் கிழவி கொடுக்கும் பானத்தில் என்ன இருக்கிறது என்பதும், கணவன் எதற்கு விலைபோனான் என்பதும், அவள் ஊகிக்கும் அளவுக்குத்தான் நமக்கும் ஊகம். ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் பின்னாளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அதிகம் விளக்குகிறது. பக்கத்து வீட்டு மின்னி படுக்கையறையில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசும் காட்சிக்கு ஃப்ரேக்கர் கதவின் வழியே அவள் முழுதும் தெரியும்படி சட்டகம் வைத்திருந்தார். போலன்ஸ்கி கேமராவை நகர்த்தி, கதவு நிலை அவளுடைய முகத்தை மறைக்கும்படி வைத்துவிட்டார். ஃப்ரேக்கருக்குக் காரணம் விளங்கவில்லை. படம் திரையிடப்பட்டபோது, அந்தக் காட்சியில் அரங்கம் முழுவதும் நிலைக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்ததைக் கண்டபோதுதான் விளங்கியது.

லெவினின் நாவல் முடிவில், ரோஸ்மேரி பெற்று, தொட்டிலில் கிடக்கும் சாத்தானின் குழந்தையை விவரித்துவிடுகிறது. அதன் மஞ்சள் கண்களும் வாலும்கூட எழுத்தில் உண்டு. எழுத்தில் அது தாங்குகிறது, ஏனெனில் அந்தக் கண்களை ஒவ்வொரு வாசகரும் தாமே வரைந்துகொள்கிறார். நாவலின் உரையாடல்களைக்கூட மாற்றத் தயங்கிய போலன்ஸ்கி, இங்கே மட்டும் துணிந்து விலகினார். தொட்டிலுக்குள் குனிந்து பார்க்கும், ரோஸ்மேரியாக நடித்த மியா ஃபாரோவின் முகத்தைத்தான் காட்டினார். தொட்டிலுக்குள் கேமரா போகவே இல்லை. குழந்தையைப் பார்த்ததாகச் சாதிக்கும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'சைக்கோ'வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ராபர்ட் பிளாக்கின் நாவலில் (1959) நார்மன் பேட்ஸ் நாற்பது வயதான, உடல் பருத்த, குடிப்பழக்கமுள்ள ஆள். நாவல் அவனிடமிருந்துதான் தொடங்குகிறது. தாயோடு அவன் பேசுவதை எழுத்தில் எவ்வளவு நீட்டினாலும், அந்தத் தாய் உயிரோடு இல்லை என்ற உண்மை வெளிப்படாது. ஹிட்ச்காக் அப்படித் தொடங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். ஆகவே பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணிடமிருந்து தொடங்கி, அவளுடைய கண்ணாலேயே நம்மைப் பார்க்கப் பழக்கி, அந்தக் கண்ணைக் குளியலறையில் மூடிவிட்டார். வேறு வழியில்லாமல் நாம் ஒட்டிக்கொள்ளும் அடுத்த ஆள், ஆண்டனி பெர்கின்ஸ் நடித்த, ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள நார்மன். 1998இல் கஸ் வான் சான்ட் இந்தப் படத்தை ஏறக்குறைய சட்டகத்துக்குச் சட்டகம் வண்ணத்தில் மறுபடி எடுத்துக் காட்டினார். நகலெடுப்பதுதான் விசுவாசம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

'ரிங்' நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அது பாதி துப்பறியும் கதை. பார்த்தால் ஏழு நாளில் சாவு என்னும் ஒளிநாடாவை ஆராயும் பத்திரிகையாளர் அசகாவா, அந்த நாடாவில் அவ்வப்போது ஒரு கணம் கறுப்பு விழுவதைக் கவனிக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவை கண் சிமிட்டல்கள். அதாவது நாடாவில் இருப்பது எந்தக் கேமராவும் எடுத்ததல்ல, ஒரு பெண்ணின் கண் பார்த்தது நேரே பதிவாகியிருக்கிறது. திகில் இலக்கியத்தில் நான் கண்ட மிகச் சாமர்த்தியமான யோசனைகளுள் இது ஒன்று. நகாதாவும் திரைக்கதையாசிரியர் ஹிரோஷி தகாஹாஷியும் இதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். படத்தில் அது எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன். சிமிட்டலை எண்ணி, கணக்கிட்டு, முடிவுக்கு வருவது பக்கத்தைத் திருப்பிப் படிக்கும் வாசகருக்கு உரிய இன்பம்.

அதற்கு மாற்றாக அவர்கள் கண்டுபிடித்ததுதான் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் ஆவியான சடாகோ வெளியே வரும் காட்சி. நாவலில் அசகாவாவின் நண்பன் ரியூஜி சாகும்போது கண்ணாடியில் தன் முகம் கிழடு தட்டிப்போயிருப்பதைக் காண்கிறான். பெட்டிக்குள்ளிருந்து யாரும் வருவதில்லை. படத்திலோ அவள் கிணற்றிலிருந்து ஏறி, திரையை நோக்கி நடந்து, அதைத் தாண்டியும் வருகிறாள். நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படச்சுருளைத் தலைகீழாக ஓட்டியதால், அந்த நடையில் எலும்புகள் தவறான இடத்தில் மாட்டப்பட்டதுபோன்ற ஒரு பிசகு தெரிகிறது. சுசுகியின் அடிப்படை எண்ணம், படிப்பவர் வேறு, பாதிக்கப்படுபவர் வேறு என்ற பாதுகாப்பைப் பறிப்பது. தொற்று பார்ப்பதாலேயே பரவுகிறது. எழுத்தில் அதைக் கருத்தாகத்தான் சொல்ல முடிந்தது. ஒளிநாடாவில் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் அதே மாதிரியான பெட்டியின் முன்னால் அமர்ந்திருந்த பார்வையாளருக்கு, நகாதா அதை நேரடியாகவே செய்துகாட்டிவிட்டார். நாவலிலிருந்து இவ்வளவு தூரம் விலகியும் நாவலின் உட்கருத்துக்கு இவ்வளவு நெருக்கமாக நிற்கும் வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) எனக்கு இன்னும் பிடிபடாத வழக்கு. கிங்கின் 1977ஆம் ஆண்டு நாவலில் ஜாக் டாரன்ஸ் குடியை விட்ட, மகனிடம் பாசமுள்ள, தன் கோபத்துக்குத் தானே அஞ்சுகிற மனிதன். பனியில் துண்டிக்கப்பட்ட ஓவர்லுக் விடுதி அவனைச் சிறிது சிறிதாகத் தின்பதை அவனுக்குள்ளிருந்தே பார்க்கிறோம். இறுதியிலும் ஒரு கணம் தந்தை விழித்துக்கொண்டு மகனை ஓடிவிடச் சொல்கிறான். கொதிகலன் வெடித்து விடுதி அழிகிறது. குப்ரிக்கின் ஜாக், விடுதி வேலைக்கான நேர்காணல் காட்சியிலேயே பாதி போய்விட்டவனாகத் தெரிகிறான். எஞ்சின் இல்லாத அழகான பெரிய காடிலாக் கார் என்று கிங் இந்தப் படத்தைச் சொன்னது பிரசித்தம். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது: அந்தத் தகப்பனின் துயரம் படத்தில் இல்லை.

ஆனால் குப்ரிக் பார்ப்பவரை மாற்றிவிட்டார் என்பதைக் கிங் கணக்கில் எடுக்கவில்லை. படத்தில் பார்ப்பது ஜாக் அல்ல, விடுதி. சிறுவன் டேனி மூன்று சக்கர வண்டியில் தாழ்வாரங்களைச் சுற்றும் காட்சியில், காரெட் பிரவுனின் ஸ்டெடிகேம் (ஆட்டமில்லாமல் நகர்த்தும் கேமரா அமைப்பு) தரையை ஒட்டி அவன் முதுகுக்குப் பின்னாலேயே போகிறது. மரத்தரையில் சக்கரம் கடகடவென்று இரைகிறது, கம்பளத்தில் ஏறியதும் சத்தம் சட்டென்று அடங்குகிறது, மறுபடி இரைகிறது. பேய் எதுவும் இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு குழந்தையை இவ்வளவு பொறுமையாகப் பின்தொடர்வது யார் என்று கேட்டுக்கொண்டால் முதுகு சில்லிடும். நாவலாகப் பார்த்தால் கிங்கினுடையது மேல், பார்வை என்ற ஒன்றை வைத்துப் பார்த்தால் குப்ரிக் ஜெயிக்கிறார் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

கிங்கின் 1997ஆம் ஆண்டுத் தொடர் தோற்ற இடமும் இதே பார்வைதான். நாவலில் விடுதித் தோட்டத்தில் விலங்குகளின் உருவில் வெட்டிவிடப்பட்ட செடிகள் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போது அவை அசைவதில்லை; திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால் கொஞ்சம் கிட்டத்தில் நிற்கின்றன. டேனி தனியே நிற்கும்போது, பின்னால் செடியின் மேலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. குப்ரிக் இந்தச் செடிகளை விட்டுவிட்டுப் புதர்ச்சுவர்களாலான சிக்கல் பாதையை வைத்தார். கிங், தம் செடிகளை விடமாட்டேன் என்று, அன்றைய கணினி வரைகலையில் அவற்றை நடக்கவைத்தார். பார்வை விலகிய நொடியில் மட்டுமே உயிர்பெற வேண்டியதைப் பட்டப்பகலில் பார்க்கக் கொடுத்தால், அது நகரும் செடி, அவ்வளவுதான். 2019இல் மைக் ஃபிளானகன், 'தி ஷைனிங்'கின் தொடர்ச்சியான 'டாக்டர் ஸ்லீப்' படத்தில், வளர்ந்த டேனியைக் கொண்டு கொதிகலன் வழியே விடுதியைத் தீக்கிரையாக்கி, முதல் நாவலின் முடிவைக் குப்ரிக்கின் விடுதிக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தார். சமரசம் என்ற அளவில் அது கௌரவமானது.

கடைசியாக, மூன்று முறை எடுத்தும் கைகூடாத ஒரு நாவல். ரிச்சர்ட் மாத்திசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' ('நானே பழங்கதை' என்று பொருள்; 1954) முழுவதும் ராபர்ட் நெவில் என்ற ஒருவனின் கண்ணால் எழுதப்பட்டது. கொள்ளைநோயில் மனிதர்கள் எல்லோரும் இரத்தக்காட்டேரிகளாகிவிட, மிஞ்சியவன் அவன் ஒருவன். இரவில் வீட்டுக்குள் ஒடுங்கி, பகலில் போய், தூங்குகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறான். அவர்களுள் ஒரு சாரார் நோயோடு வாழப் பழகி, புதிய சமூகமாகத் திரண்டுவிட்டார்கள் என்பது முடிவில்தான் தெரிகிறது. சிறையின் சன்னல் வழியே அவர்களைப் பார்க்கும்போது, தாம் தூங்கும்போது வந்து கொல்லும் பூதமாகவே அவர்கள் தன்னைக் காண்கிறார்கள் என்பது அவனுக்கு உறைக்கிறது. நாவல் முழுவதும் நாம் தங்கியிருந்த கண்ணை, கடைசிப் பக்கத்தில் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுவதுதான் மாத்திசன் செய்த வேலை.

1964இல் வின்சென்ட் பிரைஸ் நடித்த படம் கதைப்போக்கில் நாவலுக்கு மிக நெருக்கமானது. திரைக்கதையில் பங்கேற்ற மாத்திசன், படம் திருப்தி தராததால் தம் பெயருக்குப் பதில் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைப் போட்டுக்கொண்டார். அதில் நாயகன் சாகும்போது, நீங்களெல்லாம் பிறவிக்கோளாறுகள், நானே கடைசி மனிதன் என்று கத்திவிட்டுச் சாகிறான். கண் மாறவே இல்லை. 1971ஆம் ஆண்டுப் படத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் மனித குலத்துக்குத் தன் இரத்தத்தை மருந்தாகக் கொடுத்துவிட்டுச் சிலுவையில் அறைந்தவர்போல் கிடந்து சாகிறார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2007இல் வில் ஸ்மித் நடித்ததற்கு முதலில் வேறொரு முடிவு எடுக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்துக்குள் நுழையும் கூட்டத்தின் தலைவன் வந்தது, நெவில் பிடித்துவைத்துச் சோதனை செய்துகொண்டிருந்த தன் இணையைத் திரும்பக் கேட்பதற்காக. அவளை ஒப்படைத்துவிட்டு நெவில் திரும்பிப் பார்க்கிறான்: சுவர் நிறைய, இதுவரை தன் சோதனையில் செத்தவர்களின் புகைப்படங்கள். அந்தச் சுவரை முன்பும் பார்த்திருக்கிறோம். அப்போது அது ஒரு விஞ்ஞானியின் குறிப்பேடு மட்டுமே. சோதனைத் திரையிடலில் பார்வையாளர்கள் இதை ஏற்காததால், கையெறிகுண்டோடு எதிரிகளையும் அழித்துத் தானும் சாகும் தியாகி ஒருவனை வைத்துப் படத்தை வெளியிட்டார்கள். முதலில் எடுத்த முடிவு பின்னர் டிவிடியில் வந்தது. திரையரங்குக்குப் போனவர்களுக்கு, மாத்திசனின் தலைப்பு எதற்காக அப்படி வைக்கப்பட்டது என்பது இந்த மூன்று படங்களில் ஒன்றிலும் விளங்கியிருக்க வழியில்லை.